மாண்டல்பிராட் படம் வரையும் நிரலை நாமே எழுதுவது: எண் முதலில், நிறம் கடைசியில்

ஃபிராக்டல் என்றால் எவ்வளவு பெரிதாக்கினாலும் புதுப்புது நுணுக்கம் தெரிந்துகொண்டே இருக்கும் உருவம். புதிதாக அதற்கு நிரல் எழுதுபவர்கள் முதல் நாளே வண்ணத்தில் இறங்கிவிடுகிறார்கள். படம் பளிச்சென்று வந்துவிடும். ஆனால் பத்து மடங்கு உள்ளே போனதும் மவுஸால் தொட்ட இடம் ஒன்று, திரையில் வருவது வேறொன்று. பிழை கணக்கிலா, அச்சிலா, நிறத்திலா என்று தேடியே சனி ஞாயிறு கரைந்துவிடும். கீழே உள்ள வரிசையில் போனால் ஒவ்வொரு படியும் சரியா என்று பார்த்துவிட்டே அடுத்த படிக்கு நகரலாம். எடுத்துக்கொள்வது மாண்டல்பிராட் கணம், அதாவது ஒரே சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் தப்பி ஓடாத புள்ளிகளின் கூட்டம். மொழி பைத்தான்.

1. தொடங்கும் முன்

பைத்தான் 3, அதனுடன் நம்பை, நம்பா, பில்லோ ஆகிய மூன்று தொகுப்புகள். நம்பை எண்களை வைத்துக்கொள்ள, நம்பா வேகத்துக்கு, பில்லோ படக்கோப்பு எழுத. எட்டு ஜிபி ராம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம்.

கணக்கில் பிளஸ் டூ கலப்பெண் பாடம் தெரிந்தால் போதும்: கூட்டல், வர்க்கம், மட்டு மதிப்பு. கலப்பெண்ணை இங்கே (மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி) என்று சோடியாகவே எழுதுகிறேன்.

க்ஸாவோஸ் என்ற இலவச மென்பொருளையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மவுஸை அழுத்திப் பிடித்தால் படம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இடம் தேடுவதற்கு அது. நல்ல இடம் கிடைத்தால் எண்களைக் குறித்துக்கொண்டு நம் நிரலுக்குத் திரும்பலாம். உங்கள் படம் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

2. பார்க்கும் சட்டத்தை மூன்று எண்ணில் அடக்குங்கள்

பலர் இடது, வலது, மேல், கீழ் என்று நான்கு எல்லைகளை வைத்துத் தொடங்குவார்கள். வேண்டாம். நான்கில் ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் படம் நசுங்கும். மையத்தின் மெய்ப்பகுதி, மையத்தின் கற்பனைப் பகுதி, அகலம் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தைக் கிடைமட்டப் பிக்சல் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பிக்சலின் அடி, அதாவது அடுத்த பிக்சலுக்கு உள்ள தூரம், வரும். அதே அடியை உயரத்துக்கும் பயன்படுத்தினால் படம் ஒருபோதும் நசுங்காது.

முதல் படத்துக்கு: 900 × 600 பிக்சல், மையம் (−0.75, 0), அகலம் 3.6. அடி 0.004. உயரம் தானாக 2.4 ஆகிவிடும். அகலம் 3 என்று வைத்தால் உயரம் 2, அதாவது மேலும் கீழும் 1 வரைதான். உருவமோ 1.12-ஐத் தாண்டிப் போகிறது. தலையும் காலும் வெட்டுப்படும்.

பிக்சலிலிருந்து எண்ணுக்குப் போகும் வழி:

மெய் = மைய மெய் + (நெடுவரிசை + 0.5 − 450) × அடி
கற்பனை = மையக் கற்பனை − (கிடைவரிசை + 0.5 − 300) × அடி

0.5 எதற்கு? பிக்சலின் மூலையை விட்டு நடுவை எடுப்பதற்கு. இரண்டாவது வரியில் உள்ள கழித்தல் குறிதான் முக்கியம். படத்தில் கிடைவரிசை 0 மேலே இருக்கிறது, எண் கீழ்நோக்கி வளர்கிறது. கற்பனை அச்சோ மேல்நோக்கி வளர்கிறது. இங்கே கூட்டல் போட்டாலும் முழுப்படத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஏனென்றால் மாண்டல்பிராட் உருவம் மேலும் கீழும் கண்ணாடிப் பிம்பம் போல ஒன்றே. உள்ளே போகும்போதுதான் மேலே தொட்டால் கீழே போகும். மேலே சொன்ன ‘தொட்ட இடம் ஒன்று, வருவது ஒன்று’ சிக்கலுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த ஒரு குறிதான்.

இன்னொரு சங்கடம்: நம்பை அணியின் அளவை (600, 900) என்று, கிடைவரிசையை முதலில் சொல்ல வேண்டும். பில்லோவுக்கு (900, 600) என்று அகலம் முதலில். மாறிப்போனால் படம் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும், இல்லையென்றால் அணியின் எல்லையைத் தாண்டிவிட்டதாகப் பிழை வரும்.

3. முதலில் ஒரே ஒரு புள்ளி

படத்தை மறந்துவிடுங்கள். ஒரு புள்ளியைக் கொடுத்தால் எத்தனையாவது சுற்றில் அது தப்பிக்கிறது என்று சொல்லும் செயற்கூறு ஒன்றை மட்டும் எழுதுங்கள்.

புள்ளி (ப, ம). நகரும் எண் (அ, ஆ). அது (0, 0)-இல் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும்:

புதிய அ = அ² − ஆ² + ப
புதிய ஆ = 2 × அ × ஆ + ம

அ² + ஆ² நான்கைத் தாண்டினால் தப்பிவிட்டது. சுற்று எண்ணைத் திருப்பிக் கொடுங்கள். சுற்றுகளுக்கு நாம் வைத்த உச்ச வரம்பு வரை தப்பாவிட்டால் ‘உள்ளே’ என்று கொள்ளுங்கள். மட்டு மதிப்பு 2-ஐத் தாண்டியதா என்று கேட்பதும் இதுவும் ஒன்றுதான். வர்க்கமூலம் எடுக்கும் செலவு மிச்சம்.

இனி சோதனை. (0, 0), (−1, 0), (−2, 0), (0, 1) ஆகிய நான்கும் என்றைக்கும் தப்பக் கூடாது. (1, 0) உடனே தப்ப வேண்டும்: 0, 1, 2, 5, 26 என்று பாயும். (−2, 0) மட்டும் தப்பிவிட்டால் ‘தாண்டினால்’ என்பதற்குப் பதில் ‘தாண்டினால் அல்லது சமமானால்’ என்று எழுதியிருப்பீர்கள். அந்தப் புள்ளி 2-இலேயே நின்றுவிடுகிறது.

இத்தனையும் தேறினாலும் நிரல் தப்பாக இருக்கலாம். மிகப் பரவலான பிழை, புதிய அ-வைப் பழைய அ-வின் மேலேயே எழுதிவிட்டு அடுத்த வரியில் ஆ-வைக் கணக்கிடுவது. அப்போது ஆ-வுக்குப் போவது புதிய அ. மேலே சொன்ன புள்ளிகள் ஐந்தும் இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது. நான்கில் கற்பனைப் பகுதி எப்போதும் 0. ஐந்தாவதான (0, 1) தப்பான நிரலிலும் தப்பாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மதிப்புகளை அச்சிட்டுப் பாருங்கள். (0, 1), (−1, 1), (0, −1), பிறகு மீண்டும் (−1, 1) என்று வந்தால் சரி. இரண்டாவதாக (−1, −1) வந்தால் மேற்சொன்ன பிழைதான். பழைய அ-வைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. உச்ச வரம்பை 5000 ஆக்கிவிட்டு (−0.75, 0.1), (−0.75, 0.01), (−0.75, 0.001) மூன்றையும் கொடுங்கள். 33, 315, 3143 வர வேண்டும். எண்ணத் தொடங்கும் இடத்தைப் பொறுத்து ஒன்று கூடலாம், குறையலாம். பை (π) எட்டிப் பார்ப்பது தற்செயல் இல்லை. (−0.75, 0) என்ற இடுக்கை நெருங்க நெருங்கச் சுற்றுகளின் எண்ணிக்கையைத் தூரத்தால் பெருக்கினால் பை வரும். இந்த மூன்று எண்களும் சரியாக வந்தால் கணக்கில் இனி கை வைக்க வேண்டாம்.

4. சாம்பல் நிறத்தில் சின்னப் படம்

300 × 200, உச்ச வரம்பு 100. அகலம் அதே 3.6, அடி மட்டும் 0.012 ஆகும். மேலே உள்ள சூத்திரத்தில் 450, 300 என்று நேரடியாக எழுதியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். அவை பிக்சல் எண்ணிக்கையில் பாதி, நிரலில் அப்படியே கணக்கிடட்டும்.

தப்பிய சுற்று எண்ணை 2.55-ஆல் பெருக்கிச் சாம்பல் அளவாக்குங்கள், உள்ளே இருப்பது கறுப்பு. படம் அழகாக இருக்காது. இதய வடிவம் வலப்புறம், அதன் இடப்பக்கம் ஒட்டிய வட்டம், அதற்கும் இடப்புறம் ஊசி. இந்த மூன்றும் இடத்தில் இருந்தால் போதும்.

5. இப்போதுதான் வேகம்

900 × 600 என்றால் 5.4 லட்சம் பிக்சல். மாண்டல்பிராட் கணத்தின் பரப்பு சுமார் 1.5066, நம் சட்டத்தின் பரப்பு 8.64. ஆகவே ஏறக்குறைய 94,000 பிக்சல்கள் உள்ளே விழும், வரம்பு 1000 என்றால் அவை மட்டுமே 9.4 கோடிச் சுற்று தின்னும். வெறும் பைத்தான் லூப் இதற்குத் திணறும்.

சுருக்கமான வழி நம்பா. நீங்கள் எழுதிய செயற்கூற்றின் தலையில் அதன் என்ஜிட் (@njit) குறியைப் போட்டால் இயந்திர மொழிக்கு மாற்றித் தரும். கிடைவரிசை லூப்பை இணையாக ஓடும் பிரேஞ்ச் (prange) வகைக்கு மாற்றி, என்ஜிட் குறியில் parallel=True என்றும் கொடுத்தால் எல்லாக் கோர்களும் வேலை செய்யும். முதல் முறை ஓட்டும்போது மொழிமாற்றத்துக்கே சில வினாடிகள் போகும். அதை அளந்து ‘நம்பாவால் பயனில்லை’ என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. இரண்டாவது ஓட்டத்தை அளவிடுங்கள்.

நம்பை மட்டும் வைத்து முழு அணியையும் ஒரேயடியாகச் சுழற்றலாம். ஆனால் தப்பிய புள்ளிகளை ஒதுக்காமல் விட்டால் அவை முடிவிலிக்குப் பாய்ந்து, பிறகு ‘எண் அல்ல’ என்ற NaN மதிப்பாகிவிடும். NaN எதை விடவும் பெரிது என்று கணினி ஒப்புக்கொள்ளாது. விளைவு: முதலில் தப்பிய புள்ளியே கடைசியில் ‘உள்ளே’ என்று கறுப்பாகும்.

முழுப்படத்துக்கு இன்னொரு பெரிய சேமிப்பு இருக்கிறது. இதயத்தையும் முதல் வட்டத்தையும் சுற்றாமலே கண்டுபிடிக்கலாம்:

த = (ப − 0.25)² + ம²
த × (த + ப − 0.25) ≤ 0.25 × ம² என்றால் இதயத்துக்குள்
(ப + 1)² + ம² ≤ 0.0625 என்றால் வட்டத்துக்குள்

இந்த இரண்டின் பரப்பு சுமார் 1.374. அதாவது கறுப்பில் பத்தில் ஒன்பது பங்கு ஒரு சுற்றுகூட இல்லாமல் முடிந்துவிடும். ஆழமாகப் போன படங்களில் இது பெரிதாக உதவாது, ஆனால் கெடுதலும் இல்லை. படத்தின் பாதியைக் கணக்கிட்டுக் கண்ணாடி போலத் திருப்பி ஒட்டும் தந்திரம் மட்டும் வேண்டாம். மையம் அச்சை விட்டு நகர்ந்த அடுத்த நிமிடம் அது பொய்.

6. படிக்கட்டை நிரவுதல்

சுற்று எண் முழு எண் என்பதால் நிறம் பட்டை பட்டையாக விழும். அதை நிரவ, தப்பிய தருணத்தில் மட்டு மதிப்பு எவ்வளவு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்:

நிரவிய எண் = சுற்று + 1 − மடக்கை(மடக்கை(மட்டு மதிப்பு)) ÷ மடக்கை(2)

மூன்று மடக்கையும் இயல் மடக்கை. இதற்கு முன் தப்பும் எல்லையை 2-இலிருந்து 256 ஆக உயர்த்துங்கள். அதாவது அ² + ஆ² என்பதை 65,536-உடன் ஒப்பிடுங்கள். எல்லை 2-ஆகவே இருந்தால் சூத்திரம் தோராயமாகத்தான் பொருந்தும், பட்டை ஓரங்களில் மெல்லிய தையல் தெரியும். எல்லையை உயர்த்தியதும் 315 சோதனையில் சில சுற்றுகள் கூடிவிடும். அதனால்தான் சோதனையை முன்பே முடித்தோம்.

மட்டு மதிப்புக்குப் பதில் அதன் வர்க்கத்தையே மடக்கைக்குள் போட்டுவிட்டால்? பதறாதீர்கள், எல்லாப் பிக்சலும் சரியாக 1 நகரும், அவ்வளவுதான். உண்மையில் கெடுப்பது வேறு. உள்ளே இருக்கும் புள்ளிகளுக்கும் இதே சூத்திரத்தை ஓட்டினால், மட்டு மதிப்பு 1-க்குக் கீழே உள்ள இடங்களில் மடக்கை குறை எண்ணாகி, அதற்கு மீண்டும் மடக்கை எடுக்க முடியாமல் NaN வந்து நிற்கும். தப்பியவற்றுக்கு மட்டும் நிரவுங்கள். உள்ளே இருப்பவற்றுக்கு −1 வைத்துவிடுங்கள்.

இந்த அணியை அப்படியே நம்பை கோப்பாகச் சேமியுங்கள். கணக்கு ஒரு நிரல், நிறம் இன்னொரு நிரல். பத்து நிமிடம் கணக்கிட்ட படத்துக்கு ஐம்பது விதமாக நிறம் மாற்றிப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை.

7. வண்ணம்

வானவில் ஏழு நிறத்தையும் கொட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே அளவு பளிச்சிட்டால் சுருள்கள் தெரியாது. கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வர வேண்டும். தொடங்க ஏற்ற நிறத்தட்டு ஒன்று (சிவப்பு, பச்சை, நீலம் வரிசையில்):

0 இடத்தில் (0, 7, 100)
0.16 இடத்தில் (32, 107, 203)
0.42 இடத்தில் (237, 255, 255)
0.6425 இடத்தில் (255, 170, 0)
0.8575 இடத்தில் (0, 2, 0)
1 இடத்தில் மீண்டும் (0, 7, 100)

இடையில் நேர்கோட்டில் நிரப்பினால் போதும். நம்பையின் இன்டர்ப் (interp) அதைச் செய்யும். நிரவிய எண்ணை 64-ஆல் வகுத்து, பின்னப் பகுதியை மட்டும் எடுத்துத் தட்டில் தேடுங்கள். முதல் நிறமும் கடைசி நிறமும் ஒன்றாக இருப்பது இதற்காகத்தான். இல்லையென்றால் 64 சுற்றுக்கு ஒருமுறை கத்தியால் கீறியது போல ஒரு கோடு விழும்.

ஆழமான படங்களில் மிகக் குறைந்த எண்ணே பல நூறு இருக்கும். ஓரத்தில் பல ஆயிரம். அப்படியே தட்டில் போட்டால் ஓரமெல்லாம் மணல் கொட்டியது போல ஆகும். படத்தின் சிறும எண்ணைக் கழித்து, வர்க்கமூலம் அல்லது மடக்கை எடுத்த பிறகு வகுத்துப் பாருங்கள். வகுக்கும் எண்ணையும் அதற்கேற்பச் சிறிதாக்க வேண்டும். எண்களின் பரவலைச் சமப்படுத்தி நிறம் கொடுக்கும் ஹிஸ்டோகிராம் முறை ஒற்றைப் படத்துக்கு நன்று. ஸூம் வீடியோவுக்கு ஆகாது, ஒவ்வொரு ஃபிரேமிலும் நிறம் குதிக்கும்.

எட்டு பிட் எண்ணாக மாற்றும் முன் 0 முதல் 255-க்குள் வெட்டிவிடுங்கள். 256 வந்தால் அது சுற்றிக்கொண்டு 0 ஆகி, வெள்ளையின் நடுவே கறுப்புப் புள்ளி விழும். சேமிப்பது பிஎன்ஜி வடிவில். ஜேபெக் இந்த மெல்லிய இழைகளைச் சுற்றி அழுக்குப் படிய வைக்கும்.

8. உள்ளே போவது

முதல் பயணத்துக்குச் சில இடங்கள்:

யானைப் பள்ளத்தாக்கு: மையம் (0.275, 0), அகலம் 0.05
ஊசியில் இருக்கும் குட்டி மாண்டல்பிராட்: மையம் (−1.765, 0), அகலம் 0.08
கடல்குதிரைப் பள்ளத்தாக்கு: மையம் (−0.7453, 0.1127), அகலம் 0.0013
ஆழப் பயணம்: மையம் (−0.743643887037151, 0.131825904205330), அகலத்தை 10⁻¹⁰ வரை இறக்கலாம்

கடைசி வரியில் இத்தனை இலக்கம் வீண் இல்லை. அகலம் 10⁻¹⁰ என்றால் ஆறு இலக்கத்தோடு மையத்தைக் குறித்து வைத்தது, ஊர் பெயரை மட்டும் எழுதி வீட்டைத் தேடச் சொல்வது போல. எண்ணைப் பைத்தானின் ரெப்ர் (repr) மூலம் முழுமையாக அச்சிட்டு, படக்கோப்போடு ஒரு உரைக்கோப்பில் மையம், அகலம், உச்ச வரம்பு, தட்டு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். இதைச் செய்யாதவர்களிடம் ‘இந்த இடம் எங்கே இருக்கிறது’ என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

உள்ளே போகப் போக உச்ச வரம்பையும் உயர்த்த வேண்டும். (−0.75, 0.001) புள்ளிக்கு 3143 சுற்று வேண்டும் என்று பார்த்தோம், வரம்பு 1000 என்றால் வெளியே இருக்கும் அந்தப் புள்ளி கறுப்பாகிவிடும். கறுப்புக் குமிழ்கள் மெழுகு உருகியது போலக் கொழகொழவென்று தெரிந்தால் வரம்பு போதவில்லை என்று அர்த்தம். கண்ணை நம்புவதை விட எண்ணிப் பார்ப்பது மேல்: வரம்பை இரட்டிப்பாக்கி ஓட்டுங்கள். கறுப்புப் பிக்சல்களின் எண்ணிக்கை குறைந்தால் மீண்டும் இரட்டிப்பாக்குங்கள். மாறாமல் நின்றதும் நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரே தாவலில் ஆயிரம் மடங்கு போகாதீர்கள்; நான்கு மடங்காகப் போனால் வழி தவறினாலும் ஒரு படி திரும்பி வரலாம்.

9. எங்கே தரை தட்டும்

பைத்தானின் சாதாரண தசம எண்ணில் 53 பிட். 0.5-க்கும் 1-க்கும் இடையே அடுத்தடுத்த இரண்டு எண்களின் தூரம் 1.1 × 10⁻¹⁶. அகலம் 10⁻¹³, 900 பிக்சல் என்றால் நம் அடியும் கிட்டத்தட்ட அதே அளவு. பக்கத்துப் பிக்சல்கள் ஒரே எண்ணாகிப் படம் கட்டம் கட்டமாக உடையும். உச்ச வரம்பை எவ்வளவு ஏற்றினாலும் இது சரியாகாது. 10⁻¹²-இல் திரும்பிவிடுவது நல்லது.

கிராபிக்ஸ் கார்டிலேயே ஓடும் ஷேடர் நிரலாக எழுதுபவர்களுக்கு இந்தத் தரை இன்னும் மேலே. அங்கே வழக்கமான எண் 24 பிட் துல்லியம்தான், அகலம் 5 × 10⁻⁵ பக்கம் வந்ததும் உடைந்துவிடும்.

இன்னும் கீழே போக ஒரே ஒரு புள்ளியின் பாதையை மட்டும் நூற்றுக்கணக்கான இலக்கத்தில் கணக்கிட்டு, மற்றப் பிக்சல்களுக்கு அதிலிருந்து உள்ள வித்தியாசத்தை மட்டும் சாதாரண எண்ணில் பின்தொடரும் முறை இருக்கிறது. கால்லெஸ் ஃபிராக்டாலர் என்ற மென்பொருள் செய்வது அதைத்தான். முதல் மாதத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

10. அச்சுக்கு அனுப்பும் படம்

ஏ3 தாள், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 4961 × 3508 பிக்சல். இழைகள் நெறுநெறுவென்று இல்லாமல் வர, இரு பக்கமும் இரட்டிப்பு அளவில் வரைந்து, பில்லோவின் லான்சோஸ் என்ற சுருக்கும் முறை வழியாகப் பாதியாக்க வேண்டும். சுருக்க வேண்டியது நிறத்தைத்தான். சுற்று எண்களைச் சராசரி எடுத்துவிட்டுப் பிறகு நிறம் கொடுத்தால் ஓரத்தில் எங்கும் இல்லாத நிறம் முளைக்கும்.

இரட்டிப்பு அளவில் கிட்டத்தட்ட 7 கோடிப் புள்ளி. நம்பையில் கலப்பெண் ஒன்றுக்கு 16 பைட், ஆக ஒரு அணிக்கே 1.1 ஜிபி, குறைந்தது இரண்டு வேண்டும். எட்டு ஜிபி ராமில் பிரவுசரும் திறந்திருந்தால் மூச்சு முட்டும். நூறு நூறு கிடைவரிசையாக வெட்டிக் கணக்கிட்டு ஒட்டுங்கள். நம்பா லூப் என்றால் கலப்பெண் அணியே தேவையில்லை, விடை அணி மட்டும்தான்.

11. அதே நிரலில் வேறு உருவங்கள்

ஜூலியா கணத்துக்கு இரண்டு வரி மாற்றினால் போதும்: (ப, ம)-வை நிலையாக வைத்து, (அ, ஆ)-வைப் பிக்சலின் எண்ணில் தொடங்குங்கள். மையம் (0, 0), அகலம் 3.6. (−0.123, 0.745) முயல் காது போல வரும், (−0.8, 0.156) மின்னல் கிளை. மாண்டல்பிராட் உருவத்துக்கு வெளியே உள்ள எண்ணைக் கொடுத்தால் படம் தூள் தூளாகச் சிதறும், அது பிழை இல்லை. இதயத்துக்கான குறுக்குச் சோதனையை நீக்க மறந்துவிட்டால்தான் பிழை, நிலையாக வைத்த எண் இதயத்துக்குள் இருந்தால் முழுப் படமும் கறுப்பாகும்.

எரியும் கப்பல் என்ற இன்னொரு ஃபிராக்டலுக்கு ஒவ்வொரு சுற்றிலும் வர்க்கம் எடுக்கும் முன் அ, ஆ இரண்டின் குறை குறியையும் நீக்குங்கள். மையம் (−1.75, −0.03), அகலம் 0.15. நம் சூத்திரத்தில் கப்பல் தலைகீழாகத் தெரியும். அதற்கு மட்டும் படி 2-இன் கழித்தலைக் கூட்டலாக்கிக்கொள்ளலாம்.

எழுத்துச் சரத்தை விதிப்படி வளர்த்துக் கோடாக வரையும் எல்-சிஸ்டம் வகை முற்றிலும் வேறு நிரல். கோலத்துக்கு நெருக்கமானது அதுதான். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974-இலேயே கோலத்தை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள். அதில் தொடங்குபவர்கள் செய்யும் பிழை ஒன்றே ஒன்று, எத்தனை முறை வளர்ப்பது என்று யோசிக்காமல் விடுவது. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு முக்கோண முனையை எழுப்பிக்கொண்டே போகும் கோக் கோட்டில், ஒவ்வொரு முறையும் துண்டுகள் நான்கு மடங்காகும், ஒரு துண்டின் நீளம் மூன்றில் ஒன்றாகும். 900 பிக்சல் கோடு ஆறாவது முறையில் 4096 துண்டு, ஒவ்வொன்றும் 1.2 பிக்சல். ஏழாவது முறை கணினிக்கு வேலை, திரையில் எதுவும் மாறாது.